பாப்பாவை அனுப்பி வைக்காதே

இராசிபுரம்
14.9.2025

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது. மழை நன்றாகப் பிடித்திருக்கிறது, மரவள்ளி தளதளவென்று நிற்கிறது.

போனில் இதைப் பேச முடியாது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். நீ பேச ஆரம்பித்தால் பாதியில் தொண்டை அடைத்துக்கொள்கிறது. எனக்கும் அப்படியே. பக்கத்தில் யாராவது ஒருவர் நின்று கேட்டுக்கொண்டும் இருக்கிறார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பங்காளிகளையும் மாமன் மச்சான்களையும் உட்காரவைத்துப் பேசி, திங்கட்கிழமை விடியக்காலையில் பாப்பாவைச் சென்னையில் அவள் புருசன் வீட்டுக்கே திரும்பக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவதாகச் சொன்னாய். "ஒரு கொழந்தை ஆயிட்டா எல்லாஞ் சரியாயிரும்" என்று நம் குடும்பப் பெரியவர் சொன்னாராம், உனக்கும் அது சரி என்று படுகிறதாம். அதைச் செய்யாதே என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். உன் கல்யாணத்தில் உன் பக்கத்தில் நின்று இணைச்சீர் செய்துகொண்டவள் நான். உன் பிள்ளை விஷயத்தில் எனக்கும் பேச்சு உண்டு.

முதலில் நீ திரும்பத் திரும்பச் சொல்கிற ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். "ஊர்லயே வளர்ந்திருந்தா இப்படி வந்து நிக்கமாட்டா. டவுன்ல படிக்க வச்சு, சம்பாதிக்க அனுப்பி, நானே கெடுத்துட்டேன்" என்கிறாய். இத்தனை வருசம் கிராம சுகாதார செவிலியராக வீடு வீடாகப் போனவள் சொல்கிறேன், கேள். புருசனை விட்டு வந்த பெண் இல்லாத ஊரே நான் பார்த்ததில்லை. மேச்சேரிப் பக்கம் வேலை பார்த்தபோதும் இருந்தார்கள், பிறகு இராசிபுரம் பக்கம் மாற்றலாகி வந்தபோதும் இருந்தார்கள். தறிக்காரர் வீட்டில் இருந்தார்கள், தோட்டக்காரர் வீட்டில் இருந்தார்கள். டைவர்ஸ் என்று யாரும் சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான். "வாழாம வந்துட்டா" என்பார்கள். "ஆத்தா ஊட்லயே இருக்கறா" என்பார்கள்.

எங்கள் துணை சுகாதார நிலையத்தில் தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு என்று ஒரு பெரிய நோட்டு இருக்கும். பெண்ணின் பெயர், புருசன் பெயர், கல்யாண வயது, உயிரோடு இருக்கும் ஆண் குழந்தை எத்தனை, பெண் குழந்தை எத்தனை, கடைசிக் குழந்தையின் வயது, காப்பர்-டி போட்டதா, ஆபரேஷன் ஆயிற்றா என்று கட்டம் கட்டமாக இருக்கும். வருசா வருசம் அதைப் புதுப்பிக்கவேண்டும். ஒருத்தி புருசனை விட்டுத் தாய்வீடு போய்விட்டால் அந்த வரியைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு, குறிப்புக் கட்டத்தில் "இடம் பெயர்ந்தார்" என்று எழுதிவிடுவோம். அவள் போய்ச் சேர்ந்த ஊர் நோட்டிலும் அவளை ஏற்றமாட்டார்கள். அங்கே அவள் மகள்தானே, தம்பதி இல்லையே. இப்படி இரண்டு ஊர்க் கணக்கிலிருந்தும் விழுந்துபோன பெண்கள் எத்தனையோ பேர். கோர்ட்டுக்குப் போனவள் மட்டும்தான் டைவர்ஸ் கணக்கில் வருவாள். அதனால்தான் அது டவுன் வியாதி மாதிரித் தெரிகிறது.

என் பேச்சை நம்பாவிட்டால் அரசாங்கக் கணக்கையே பார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து சூரஜ் ஜேக்கப், ஸ்ரீபர்ணா சட்டோபாத்யாய என்ற இரண்டு பேர் 2016-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். என் பெரிய பையன் எடுத்துக் கொடுத்துப் படித்தேன். இந்தியா முழுக்க விவாகரத்து ஆனவர்கள் சுமார் 13.6 லட்சம். விவாகரத்து ஆகாமல் சும்மா பிரிந்து இருப்பவர்கள் அதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கிராமத்துக்கும் நகரத்துக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. இன்னொன்றும் அதில் இருந்தது. இரண்டு கணக்கிலும் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். காரணம் உனக்கே தெரியும். ஆண் மறுபடி கட்டிக்கொள்கிறான், கணக்கில் "திருமணமானவர்" ஆகிவிடுகிறான். பெண் அப்படியே நிற்கிறாள்.

நம் சின்ன வயசில் நம் களத்துமேட்டில் வேலை செய்தவர்கள் வீட்டில் ஒரு பெண்ணைத் தீர்த்துவிட்டதை நீயும் பார்த்திருப்பாய். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, பாத்திரம் பண்டத்தைக் கணக்குப் பார்த்து, துரும்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு எழுந்து போவார்கள். அந்தப் பெண்ணை அடுத்த வருசமே வேறு ஊரில் அறுத்துக் கட்டிக்கொடுத்தார்கள். யாரும் அவளைக் கேவலமாகப் பேசவில்லை. அதெல்லாம் கூடாது என்றது காடு தோட்டம் வைத்திருந்த நம்மவர்கள்தான். நம் அப்பாருவின் தங்கச்சி ஒருத்தர், இருபது வயசுக்குள் வந்தவர், சாகும்வரை அந்தப் பின்கட்டு வாசலில்தான் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரு புதுச் சேலை எடுத்து நான் பார்த்ததில்லை. பொறுமை, குடும்ப கவுரவம் என்று நீ இப்போது சொல்கிறதெல்லாம் அந்தப் பின்கட்டுதான் தம்பி. அங்கே பாப்பா உட்காரவேண்டாம்.

ஈரோட்டுக்காரர் பெரியார் "பெண் ஏன் அடிமையானாள்?" என்ற புத்தகத்தை அந்தக் காலத்திலேயே போட்டுவிட்டார். அதில் கல்யாண விடுதலைக்கு ஒரு அத்தியாயம், மறுமணத்துக்கு ஒன்று, கர்ப்பத்தடைக்கு ஒன்று என்று ஒரே அட்டைக்குள் வைத்தார். நர்ஸ் வேலைக்குப் போன பிறகுதான் அது எனக்கு விளங்கியது. எத்தனை பெற்றுக்கொள்வது என்பதும், ஒருத்தனோடு வாழ்வதா வேண்டாமா என்பதும் ஒரே கேள்விதான். பெண்ணின் உடம்பு யார் சொல்படி நடக்கவேண்டும் என்ற கேள்வி. சட்டமும் நம் பக்கத்தில் பிந்தி வரவில்லை. நாடு முழுக்க 1955-இல் இந்து திருமணச் சட்டம் வருவதற்கு முன்பே, 1949-இல் சென்னை மாகாணத்தில் விவாகரத்துக்குச் சட்டம் போட்டுவிட்டார்கள். சட்டம் வந்து இத்தனை காலம் ஆகியும் வீட்டுக் கதவு திறக்கவில்லை. இப்போதுதான் திறக்கிறது. ஏன் இப்போது திறக்கிறது என்பதைத்தான் உனக்கு முக்கியமாகச் சொல்லவேண்டும்.

நம் பாட்டி எட்டுப் பெற்று ஐந்தை வளர்த்தார். நம் அம்மா நான்கு. நான் இரண்டு. நீ ஒன்று. நம் வீட்டில் மட்டும் இப்படி இல்லை. நம் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை என்று 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொன்னது. மாதிரிப் பதிவுக் கணக்கோ 2020-க்கு 1.4 என்றது. ஜனத்தொகை குறையாமல் நிற்க 2.1 வேண்டும். நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் "இரண்டோடு நிறுத்துங்கள்" என்று வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசுவோம். ஓய்வு பெறும்போது எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் வீடுகளில் பேசவேண்டிய தேவையே இல்லை, அவர்களே ஒன்றோடு நிறுத்திவிட்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதில்: "காடு கூறு போயிருமுங்க நர்ஸம்மா. இஸ்கூல் பீஸ் யாரு கட்டறது?" நாமக்கல் பள்ளிக்கூட ஹாஸ்டல்களில் ஒரு பிள்ளையைப் படிக்கவைக்கும் செலவு தெரிந்தவர்கள் இரண்டாவதைப் பற்றி யோசிக்கமாட்டார்கள். டவுனில் இருப்பவன் பிளாட் கடனுக்கு நிறுத்தினான், ஊரில் இருப்பவன் காட்டுக்காக நிறுத்தினான். குழந்தை எண்ணிக்கையில் ஊருக்கும் டவுனுக்கும் நம் பக்கத்தில் இருந்த வித்தியாசம் தேய்ந்துபோய் ரொம்ப நாள் ஆயிற்று.

ஆனால் அந்த ஒன்று எது என்பதில்தான் நம் மாவட்டம் பாவம் செய்தது. நாமக்கல் 1997-இல் தனி மாவட்டம் ஆகும்வரை எல்லாம் சேலம்தான். 1991 கணக்கெடுப்பில் ஆறு வயசுக்கு உட்பட்ட ஆண் குழந்தை ஆயிரத்துக்குப் பெண் குழந்தை 850 அளவில்தான் இருந்தது. 2001-இலும் சேலத்தில் அந்த அளவிலேயே நின்றது. ஸ்டெஃபனி வெல்லா என்ற ஆராய்ச்சியாளர் 2005-இல் வந்த ஒரு தொகுப்பில் சேலத்தைப் "புதிர்" என்றே தலைப்பில் எழுதினார். பிள்ளைப்பேறு குறைந்தால் பெண்ணுக்கு மதிப்பு கூடும் என்று எல்லோரும் எதிர்பார்க்க, இங்கே பேறும் குறைந்தது, பெண்ணும் குறைந்தாள். வெளியே இருப்பவர்களுக்குப் புதிர். எங்களுக்கு என்ன புதிர்? ஒன்றுதான் பெறுவேன் என்று முடிவு செய்தவன் அந்த ஒன்று பையனாக இருக்கவேண்டும் என்றான். ஸ்கேன் வருமுன் பிறந்த பெண் குழந்தைக்குக் குருணையும் எருக்கம்பாலும். ஸ்கேன் வந்த பிறகு இரண்டாயிரம் ரூபாய். 1992-இல் ஜெயலலிதா தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில்தானே முதலில் கொண்டுவந்தார்! அந்தத் தொட்டிலைப் பார்த்து அழாத நர்ஸ் எங்களில் யாரும் இல்லை. பிரசவம் ஆன வீட்டுக்கு மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று போய்க் குழந்தை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அப்போது எங்கள் வேலையில் பாதி. 2011-இல் சேலத்தில் அந்த எண் 900-ஐத் தாண்டியது என்று படித்தபோது பழைய கூட்டாளிகள் எல்லோரும் போன் போட்டுப் பேசிக்கொண்டோம்.

பாப்பா பிறந்தது 1996. பொம்பளைப் பிள்ளை என்று தெரிந்ததும் உன் மாமியார் முகம் தொங்கியதும், "அடுத்தது பையனாப் பொறக்கும்" என்று ஆள் மாற்றி ஆள் சொன்னதும் எனக்கு நினைவிருக்கிறது. நீ ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, "எனக்கு இது ஒண்ணு போதுங்க" என்றாய். உன் கடையில் அப்போது லாரி ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க வருகிறவர்கள்கூட உன்னிடம் இதைப் பற்றிப் பேசினார்கள். நீ அசையவில்லை. அந்தக் காலத்துச் சேலத்தில் அது எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்கே தெரியாது. எனக்குத் தெரியும், நான் பார்த்த வீடுகள் அப்படி.

இதைத்தான் சொல்லவந்தேன். விவாகரத்து கூடிவிட்டது, பெண்களுக்குப் பொறுமை போய்விட்டது என்று ஊர் பேசுகிறது. பெண்களின் பொறுமையில் ஒரு மாற்றமும் இல்லை. மாறியது அப்பன் ஆத்தாள். ஐந்து பெற்ற வீட்டில் ஒருத்தி வந்து நின்றால், பின்னால் கட்டிக்கொடுக்க இரண்டு தங்கச்சிகள் இருப்பார்கள், சொத்துக்கு இரண்டு அண்ணன் தம்பிகள் இருப்பார்கள். "ஒன்னால மத்ததுக எடுபடாமப் போயிரும்" என்று சொல்லி அவளைத் திருப்பி அனுப்பினார்கள். அந்த அப்பன்களுக்கு மனசு இல்லாமல் இல்லை, வேறு வழி தெரியவில்லை. இன்று உனக்குப் பின்னால் கட்டிக்கொடுக்க யாரும் இல்லை. வீடு அவளுடையது, கடை அவளுடையது. சட்டப்படிப் பார்த்தாலும் 1989-இலேயே நம் மாநிலம் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுத்துவிட்டது. ஒற்றைப் பிள்ளை பெற்றவனுக்குத்தான் மகளைத் திரும்பக் கூட்டிக்கொள்ளும் தைரியம் வருகிறது. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருசங்களில் இதைக் கண்ணால் பார்த்தேன். மல்லசமுத்திரம் பக்கம் ஒரு ரிக் வண்டிக்காரர், வருசத்தில் பாதி நாள் வடக்கே போர் போட்டுக்கொண்டிருப்பவர், மகள் அடிபட்டாள் என்று கேட்டதும் வேலையைப் போட்டுவிட்டு ரயிலேறி வந்து, ராத்திரியோடு ராத்திரியாக அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவருக்கும் ஒற்றைப் பிள்ளை. இருபது வருசத்துக்கு முன் அவரே அப்படிச் செய்திருப்பாரா, எனக்குச் சந்தேகம்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அன்று பிறக்கவிடாமல் செய்த பெண்கள் இன்று கல்யாணச் சந்தையில் இல்லை. ஆயிரம் பையனுக்கு 850 பெண் என்றால் மிச்சம் 150 பையன் எங்கே போவான்? நம் பங்காளிகளில் நாற்பதைத் தொட்டும் கல்யாணம் ஆகாமல் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்களை நீயே எண்ணிப் பார்த்துக்கொள். பாலக்காட்டுப் பக்கம் போய்ப் பெண் எடுத்து வருகிறார்கள், கூட்டம் பார்ப்பதில்லை, பொருத்தம் பார்ப்பதில்லை. இதனால் இரண்டு விளைவு. "பெண் கிடைத்ததே போதும்" என்று அவசர அவசரமாகப் பேசி, சம்பளத்தைக் கூட்டிச் சொல்லி, நோய் நொடியை மறைத்து முடிக்கிற கல்யாணங்கள் ஒரு வருசத்துக்குள் முறிகின்றன. அதே நேரத்தில், முறிந்து வந்த பெண்ணுக்கு மறு கல்யாணம் முன்போலக் கஷ்டமாக இல்லை. முதல் தாரமாகவே கட்டிக்கொள்ள ஆள் வருகிறது, குழந்தையோடு இருந்தாலும் வருகிறது. உடனே பாப்பாவுக்கு இன்னொரு மாப்பிள்ளை பார் என்று இதைச் சொல்லவில்லை. அவள் கேட்டால் பார், கேட்காவிட்டால் பேசாதே. "அப்புறம் அவ கதி என்னாகும்" என்று ராத்திரி தூங்காமல் கிடக்கிறாயாமே, அதற்காகச் சொல்கிறேன்.

இனி குழந்தை விஷயம். பாப்பா என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள். உன்னிடம் சொல்லக் கூச்சம், அதனால் நான் எழுதுகிறேன். நான்கு வருசத்தில் அவளுக்கு எடுக்காத டெஸ்ட் இல்லை. ரத்தம், ஹார்மோன், ஸ்கேன், கருக்குழாய்ப் படம் எல்லாம் ஆயிற்று. எல்லாம் நன்றாக இருக்கிறது. மாப்பிள்ளைக்கு எடுக்கவேண்டியது ஒரே ஒரு டெஸ்ட், விந்துப் பரிசோதனை. ஊசி இல்லை, வலி இல்லை, சில நூறு ரூபாய்தான். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு ஒன்றரை வருசமாகப் பீரோவில் கிடக்கிறது. அவன் போகமாட்டேன் என்கிறான், அவன் அம்மா "எங்க வம்சத்துல அந்தக் கொறையெல்லாம் கெடையாது" என்கிறாள். ஆனால் ஐ.வி.எஃப். செய்துகொள்ளப் பாப்பா வரவேண்டுமாம், பணம் நீ கொடுக்கவேண்டுமாம். அவள் கிளம்பி வந்ததற்கு இதுதான் காரணம் என்றுகூட நான் சொல்லமாட்டேன். நான்கு வருசம் தினமும் அவளைக் குற்றவாளி மாதிரி நடத்தியதுதான் காரணம்.

குழந்தை தரிக்காததில் ஏறக்குறையப் பாதிக் கேஸ்களில் ஆண் பக்கமும் குறை இருக்கும். இதை எத்தனை வீட்டில் சொல்லி எத்தனை மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்! உலகத்தில் ஆறு பேருக்கு ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது இந்தக் கஷ்டத்தைப் பார்க்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னது. இது இவ்வளவு சாதாரணமான விஷயம். ஆனால் நம் பக்கத்தில் திருச்செங்கோட்டு மலையேறி வறடிக்கல்லைச் சுற்றுவது பெண் மட்டும்தான். இந்தக் கொடுமையை வைத்துப் பெருமாள்முருகன் "மாதொருபாகன்" நாவலை எழுதியது 2010-இல். நான்கு வருசம் கழித்து ஊரே கொந்தளித்தது. 2016-இல் உயர் நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்தச் சண்டையில் யார் சரி யார் தவறு என்று எனக்கும் உனக்கும் ஒத்துப்போகாது, அதை விடு. அந்தக் கதையில் குழந்தை இல்லாத பொன்னாவை விசேஷ வீட்டிலும் காட்டிலும் ஒதுக்குகிறார்களே, அதை மட்டும் எவரும் பொய் என்று சொல்ல முடியாது. விதைப்புக்கு விதை எடுத்துக் கொடுக்க அவளைக் கூப்பிடமாட்டார்கள், சீமந்தத்துக்குக் கூப்பிடமாட்டார்கள். நான் போன ஊர்களில் எல்லாம் ஒரு பொன்னா இருந்தாள்.

ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் நோட்டில் ஒன்பது வருசம் "குழந்தை இல்லை" என்ற கட்டத்தில் இருந்தவள். புருசன் ஒரு தடவைகூடப் பரிசோதனைக்கு வரவில்லை. கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் பேசித் தாய்வீட்டுக்கு அனுப்பினார்கள், நானும் வழக்கப்படி சிவப்புக் கோடு போட்டேன். பிறகு ஒரு நாள் சங்ககிரிப் பக்கத்து நர்ஸ் போன் செய்து, அவளுடைய பழைய பதிவு எண் கேட்டார். எதற்கு என்றேன். கர்ப்பப் பதிவுக்கு என்றார். அங்கே ஒரு லாரிக்காரருக்கு இரண்டாந்தாரமாகப் போயிருந்தாள். நோட்டை எடுத்து எண் சொல்லும்போது எனக்குக் கை நடுங்கிற்று. ஒன்பது வருசம் அவள் கேட்ட பேச்செல்லாம் அந்தக் கட்டத்துக்குப் பின்னால் இருந்தது.

சேலத்தில் இப்போது கருத்தரிப்பு மையங்களின் போர்டு இல்லாத மெயின் ரோடு இல்லை. நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள், பயன் அடைந்தவர்களும் நிறைய. ஆனால் ஒரு குழந்தைக்காக எதையும் செய்யலாம் என்ற அவசரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2022-இல் ஈரோட்டில் பார்த்தோம். பதினாறு வயசுப் பெண்ணின் கருமுட்டையைப் பெற்ற தாயே பல தடவை விற்க வைத்த வழக்கு அது. இரண்டு பேரும் மனசார விரும்பி, இரண்டு பேரும் பரிசோதித்துப் போவதுதான் வைத்தியம். புருசன் பொண்டாட்டிக்குள் பேச்சே நின்றுபோன பிறகு பெண்ணை மட்டும் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்வது வைத்தியம் ஆகாது.

சரி, குழந்தை பிறந்தேவிட்டது என்று வைத்துக்கொள். சாய்கிற சுவருக்கு முட்டுக் கொடுக்கிற கட்டையா அது? அப்படிப் பெற்ற குழந்தைகளையும் நான் பார்த்திருக்கிறேன். புதன்கிழமை தடுப்பூசிக்கு அம்மாயி தூக்கிக்கொண்டு வருவார். அப்பன் பெயரைக் கேட்டால் தரையைப் பார்ப்பார். அம்மா பள்ளிபாளையத்தில் வேலைக்குப் போயிருப்பாள். அந்தக் குழந்தை ஊசிக்கு அழும்போது தூக்கிச் சமாதானம் செய்ய வயசான கையால் முடியாது, நான்தான் வாங்கி வைத்துக்கொள்வேன். 2025 மார்ச்சில் முதலமைச்சர் ஒரு கல்யாண மேடையில், புதுசாகக் கட்டிக்கொண்டவர்கள் சீக்கிரம் குழந்தை பெற்றுக்கொள்ளுங்கள் என்றார். ஜனத்தொகை குறைந்தால் நாடாளுமன்றத் தொகுதி குறைந்துவிடும் என்பது அவர் கவலை, அது மாநிலத்துக்கு நியாயமான கவலையாகவே இருக்கட்டும். நாங்கள் திண்ணை திண்ணையாக உட்கார்ந்து நிறுத்தச் சொன்னபோதும் அரசாங்கம்தான் கேட்டது, இப்போது பெறச் சொல்வதும் அரசாங்கம்தான். இரண்டு தடவையும் வயிறு பெண்ணுடையது. பாப்பாவுக்குக் குழந்தை ஆசை இருக்கிறது, எனக்குத் தெரியும். அவள் விரும்பும்போது, விரும்பும் இடத்தில் ஆகட்டும். அந்த வீட்டில் அடங்கிக் கிடப்பதற்கு ஈடாக வேண்டாம்.

மாப்பிள்ளை தானாக வந்து, பரிசோதனைக்கும் ஒத்துக்கொண்டு, தனியாக இருக்கலாம் என்று பாப்பாவிடம் பேசி, அவளும் சரி என்றால் நான் குறுக்கே நிற்கமாட்டேன், நானே சீர் செய்து அனுப்புவேன். அது இருவர் பேசவேண்டிய பேச்சு. பதினைந்து பேர் உட்கார்ந்து அவளை நடுவில் நிறுத்திப் பேசுகிற பேச்சு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை இன்றைக்கே நிறுத்திவிடு. பெரியவர் கோபித்துக்கொண்டால் அக்கா சொன்னாள் என்று என் மேல் போடு.

பிரிவதுதான் என்று அவள் முடிவெடுத்தால் அதற்கும் பயப்பட ஒன்றும் இல்லை. விசாரித்துவிட்டேன். இருவரும் மனமொத்துப் பிரிவதற்கு 1976-லிருந்தே சட்டத்தில் வழி இருக்கிறது. ஒரு வருசம் பிரிந்து இருந்திருக்கவேண்டும், மனுப் போட்ட பிறகு ஆறு மாசம் பொறுக்கவேண்டும். அந்த ஆறு மாசத்தைக்கூட, சேரவே வழியில்லை என்று தெரிந்தால் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொல்லியிருக்கிறது. அவர்கள் ஒத்துவராவிட்டால் பாப்பா இருக்கிற இடத்திலேயே, சேலம் குடும்ப நல நீதிமன்றத்திலேயே, வழக்குப் போடலாம். சென்னைக்கு அலையவேண்டியதில்லை. "கொழந்தை இல்லேன்னு நாங்களே டைவர்ஸ் பண்ணுவோம்" என்று அவர்கள் மிரட்டினார்கள் என்றாயே, குழந்தை இல்லை என்பது இந்து திருமணச் சட்டத்தில் விவாகரத்துக்குக் காரணமே கிடையாது. நகையும் நாம் போட்ட சீரும் அவளுக்கே சொந்தம், புருசன் வீட்டில் இருப்பது அவர்கள் வைத்துக்கொள்ள அல்ல. 1985-இலேயே உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். கல்யாணப் பதிவுச் சான்று, பத்திரிகை, இரண்டு பேரும் சேர்ந்து நிற்கிற போட்டோ, நகை வாங்கிய பில், பாப்பாவின் டெஸ்ட் ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரு பைலில் போட்டு வை. வக்கீலம்மா ஒருவரிடம் பன்னிரண்டு மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன், நீயும் கூட வரவேண்டும். பாப்பாவிடம் எதையும் இப்போது கேட்காதே. அவள் அம்மாவையும் அழவேண்டாம் என்று சொல். எலுமிச்சை ஊறுகாய் கொண்டுவருகிறேன், அவளுக்குப் பிடிக்கும்.

இப்படிக்கு
உன் அக்கா

பி.கு.: சேர்ந்து வாழ ஒத்துவராவிட்டால் தீர்த்துவிடப் பெரியவர் முத்திரைத்தாளில் ஏதோ எழுதி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். "ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டாத் தீர்ந்துச்சு" என்பார். அதில் நீயும் போடாதே, பாப்பாவையும் போடவிடாதே. சாதி வழக்கப்படி தீர்த்துவிடுவதைச் சட்டம் ஒத்துக்கொள்கிறதுதான், ஆனால் அப்படி ஒரு வழக்கம் நம் சாதியில் உண்டு என்று கோர்ட்டில் நிரூபிக்கவேண்டும். நம்மவர்களுக்கு அந்த வழக்கமே இல்லை. அந்தத் தாளை நம்பி நாளைக்கு அவள் மறு கல்யாணம் செய்துகொண்டால் அது செல்லாமல் போய்விடும். நீதிமன்றத் தீர்ப்பு கையில் வரவேண்டும்.